கீழத்தெரு என்று அடித்தால் தள்ளுபடி

கூப்பன் கோடு போடுவதுதான் எனக்குச் சோறு போட்ட வேலை. சென்னையில் துணி, செருப்பு, மிக்ஸி, மெத்தை என்று சகலமும் விற்ற ஓர் ஆன்லைன் கம்பெனியில், பணம் கட்டும்போது அடித்தால் விலை குறைகிற தள்ளுபடிக் கோடுகளைப் பண்டிகைக்குப் பண்டிகை தயாரிக்கிற பிரிவில் இருந்தேன். தீபாவளிக்கு முந்தின வாரம் விலையை ஏற்றுவார்கள். தீபாவளி வந்ததும் ஏற்றின விலையை அடித்துவிட்டு, பழைய விலையையே தள்ளுபடி என்று காட்டுவார்கள். "கொடுக்கறது முக்கியமில்ல, கொடுத்த மாதிரி தெரியணும்" என்பார் மேனேஜர். சொல்லிவிட்டுப் பெரிய உண்மையைக் கண்டுபிடித்தவர் மாதிரி காபி குடிக்கப் போவார்.

ஊரடங்குக் காலத்தில் ஆட்களைக் குறைத்தார்கள். அதில் நானும் ஒருத்தி. லேப்டாப்பையும் பெட்டிகளையும் தூக்கிக்கொண்டு நன்னிலத்துக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தேன். "வேலை போயிடுச்சாமே?" என்று துக்கம் கேட்கிற குரலில் விசாரித்தவர்களிடம், "கம்பெனிதான் போச்சு. வேலை என் கையில இருக்கு" என்றேன். திமிர் என்று நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும்.

வீட்டில் அப்பாவும் அண்ணியும் இருந்தார்கள். அண்ணன் வளைகுடாவில் ஏசி மெக்கானிக். அவன் அனுப்பிய பணத்தில் ஊர் மிராசுதார் வீட்டு நிலத்தில் ஒரு பகுதியை வாங்கியிருந்தோம். அப்பா அதே நிலத்தில் கூலிக்கு ஏர் ஓட்டியவர். மிராசுதார் வீட்டுப் பிள்ளைகள் ஒவ்வொருவராக அமெரிக்கா, பெங்களூர் என்று போனார்கள். சேற்றில் இறங்க ஆளில்லாமல் நிலம் விலைக்கு வந்தது. எங்கள் வீட்டுப் பிள்ளை பாலைவனத்துக்குப் போனான், நாங்கள் வாங்கினோம். இந்தக் கதையைக் கேட்டுக் கண் கலங்குகிறவர்கள் உண்டு. கலங்க அதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. விலை சொன்னார்கள், கொடுத்தோம், பத்திரம் பதிந்தோம்.

சாகுபடியைப் பார்த்துக்கொண்டது அண்ணி. மன்னார்குடிப் பக்கத்துப் பெண், பி.காம். படித்தவர், வாய் நீளம். தூயமல்லி, அறுபதாம் குறுவை என்று பழைய ரகங்களாகப் போட்டிருந்தார். வியாபாரி வந்து நெல்லை உள்ளங்கையில் வைத்து ஊதிப் பார்த்துவிட்டு, "இதுக்கெல்லாம் யாருங்க ஆளு இருக்கா?" என்று அடிமாட்டு விலை கேட்டார். ஆனால் அதே ரக அரிசி சென்னைக் கடைகளில் கண்ணாடிப் புட்டியில் என்ன விலைக்கு நிற்கிறது என்று எனக்குத் தெரியும்.

"நாமளே விப்போம் அண்ணி" என்றேன்.

"எங்க? சந்தையிலயா?"

"இதுல" என்று லேப்டாப்பைக் காட்டினேன்.

கடையைத் திறந்தோம். வயலுக்குத் தண்ணீர் கொண்டுவருகிற வாய்க்காலின் பெயரையே கடைக்கு வைத்தோம். வரப்பில் அப்பா நிற்கிற ஒரு படம், பச்சைப் பசேல் என்று வயல் ஒன்று, அரிசி வகைகள், விலை. கடைசியாகக் கூப்பன் பக்கத்துக்கு வந்தபோது அண்ணி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.

சதவீதத்தில் குறைப்பது ஒரு வகை. எவ்வளவு வாங்கினாலும் இவ்வளவு ரூபாய் என்று மொத்தமாகக் குறைப்பது இன்னொன்று. குறிப்பிட்ட சாமானுக்கு மட்டும் செல்லுகிற கோடு உண்டு. இலவச டெலிவரிக்குத் தனிக் கோடு உண்டு. "அப்ப வண்டிக்கூலி நம்ம தலையிலயா?" என்று அதை உடனே தள்ளிவைத்தார். முதல் தடவை வாங்குகிறவர்களுக்கான கோட்டைப் பற்றிச் சொன்னதும் அவருக்குக் கோபமே வந்துவிட்டது.

"புதுசா வர்றவங்களுக்குத் தள்ளுபடி, நம்மள நம்பித் திரும்பத் திரும்ப வாங்கறவங்களுக்கு முழு விலையா? இது என்ன நியாயம்?"

"எல்லாக் கடையிலயும் அப்படித்தான் அண்ணி. ஆள இழுக்கணும்ல."

"இழுத்து வந்தவங்க சோத்தத் தின்னுட்டுத்தான் அடுத்த முடிவு எடுப்பாங்க. நீ மாத்திப் போடு."

மாற்றிப் போட்டேன். முதல் தடவை வாங்குகிறவருக்கு எதுவும் கிடையாது. மறுபடி வாங்குகிறவருக்கு, அவர் போன் நம்பருக்கு மட்டும் செல்லுகிற கோடு ஒன்று போகும். என் பழைய மேனேஜர் பார்த்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார். எனக்கு அதுவே உற்சாகமாக இருந்தது. விலையை ஏற்றிவிட்டு இறக்குகிற வித்தை எங்கள் கடையில் நடக்காது என்றும் அன்றைக்கே பேசிக்கொண்டோம்.

தப்பும் நடந்தது. ஒரு தடவை ரெண்டு கோடுகளை ஒரே பில்லில் சேர்த்துப் போட முடியாதபடி தடுக்கிற இடத்தில் டிக் வைக்க மறந்துவிட்டேன். யாரோ அதைக் கண்டுபிடித்து வாட்ஸப் குழு ஒன்றில் போட்டுவிட்டார்கள். காலையில் பார்த்தால் ஆர்டர் ஆர்டராகக் குவிந்திருக்கிறது, பாதி விலைக்கும் கீழே. வயலுக்கு ஓடி அண்ணியிடம் சொன்னேன். நடவுக்காரப் பெண்களுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தவர் சேற்றிலிருந்து வரப்பில் ஏறினார்.

"நாம சொன்ன விலைதானே அது? அனுப்பு. ஆனா முதல்ல போயி அந்தக் கதவச் சாத்து."

அத்தனையும் அனுப்பினோம். ஒரு பெண்மணிக்குப் போன மூட்டை வழியில் கிழிந்துவிட்டது. மன்னிப்புக் கேட்டு, ஒரே ஒரு முறை பயன்படுகிற கோடு ஒன்றை அனுப்பிவைத்தேன். உடனே போன் வந்தது. "கோட்ட வெச்சு நான் என்னம்மா பண்றது? வடிச்சா திங்க முடியும்? அரிசிய அனுப்பு." அரிசியை அனுப்பினேன். அதிலிருந்து மன்னிப்புக்குக் கோடு போடுவதில்லை.

இப்படி ஓடிக்கொண்டிருந்த கடைக்கு ஒரு பொங்கலுக்கு முன்னால் பெரிய ஆர்டர் ஒன்று வந்தது. சென்னையில் ஒரு சங்கம். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து போன ஒரு சாதிக்காரர்களின் சங்கம் என்பது அதன் செயலாளர் போனில் பேச ஆரம்பித்த உடனேயே தெரிந்துவிட்டது. உறுப்பினர்களில் நிறையப் பேர் வெளிநாட்டில் இருக்கிறார்களாம். சென்னையில் இருக்கிற பெற்றோருக்குப் பொங்கல் பச்சரிசி அனுப்பவேண்டுமாம். குறுவையில் நாங்கள் அறுத்தது மொத்தமும் போய்விடும் போல இருந்தது.

"மேடம், எங்க ஆளுங்களுக்கு மட்டும் செல்ற மாதிரி ஒரு கூப்பன் கோடு வேணும்" என்றார். "சங்கத்துப் பேரும் பொங்கலும் சேர்த்து ஒரே வார்த்தையா வெச்சிடுங்க. பொட்டலத்து மேல 'நம்மவர் வயல் அரிசி'ன்னு ஒரு ஸ்டிக்கர் ஒட்டிடலாம். போட்டோல வயலப் பாத்ததுமே நம்ம ஊரு, நம்ம மண்ணுன்னு தோணிச்சு."

குரல் மரியாதையாகத்தான் இருந்தது. நான் குறித்துக்கொண்டே வந்தேன். அப்புறம் அவர் கேட்டார்: "ஊர்ல நீங்க எந்தத் தெருங்க?"

எங்கள் பக்கத்தில் இந்தக் கேள்விக்கு ஒரே அர்த்தம்தான், என்ன சாதி என்பது. பள்ளிக்கூடத்திலிருந்து இதைக் கேட்டுக்கொண்டுதான் வளர்ந்தேன். சென்னையில் வாடகைக்கு வீடு பார்க்கும்போது இதையே வேறு வேறு மாதிரி கேட்டார்கள்.

"கீழத்தெருங்க."

"கிழக்கால இருக்கிற தெருவா?" என்றார், எனக்கு ஒரு வழி திறந்து விடுகிற மாதிரி.

"கிழக்காலதான் இருக்கு. ஆனா நீங்க நெனைக்கிற அதே கீழத்தெருதான்."

போனை வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைக்கவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம். தொண்டையைச் செருமிக்கொண்டு, இன்னும் மென்மையாகப் பேசினார்.

"அதனால என்னம்மா, நாங்க அதெல்லாம் பாக்கறதில்ல. ஆர்டர் ஆர்டர்தான். கோடு மட்டும் நான் சொன்ன மாதிரியே இருக்கட்டும், ஸ்டிக்கரும் இருக்கட்டும். அந்த வரப்புல ஒருத்தர் நிக்கிறாரே, அந்தப் படத்தை மட்டும் பொங்கல் முடியறவரைக்கும் எடுத்துடுங்க. அனுப்புறவங்க பேரும் விலாசமும் பொட்டலத்துல வேண்டாம். பெரியவங்க வாங்கிச் சாப்பிடறது பாருங்க."

மேடம், அம்மாவாகி இருந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். யோசிக்க ஒன்றும் இல்லை. ஆனால் கடை என்னுடையது மட்டும் இல்லையே.

அண்ணியும் அப்பாவும் களத்திலிருந்து வந்ததும் சொன்னேன். அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டார். வரப்பில் நிற்பது தான்தான் என்று அவருக்குத் தெரியும்.

"கொடுத்துட்டுப் போம்மா. நெல்லு மொத்தமும் வித்துடும். அரிசி எந்த வயல்ல வெளஞ்சதுன்னு பேசவா போவுது?"

"அரிசி பேசாது மாமா, நாம பேசணும்ல?" என்றார் அண்ணி.

"பேசி? ஒன் வீட்டுக்காரன் அங்க வெயில்ல காயறான். நீங்க ரெண்டு பேரும் இங்க உக்காந்து வீம்பு பண்றீங்க."

"அவரு வெயில்ல காயறது நாம நிமிந்து நிக்கத்தான். குனிஞ்சு நிக்கறதுக்கு அவ்வளவு தூரம் போயிருக்க வேண்டியதில்ல, இங்கயே வசதி இருந்துச்சு."

அப்பா எழுந்து போய் வாசலில் நின்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. எங்கே விலாசம் எழுதினாலும் வீட்டு எண், ஊர், தாலுகா, மாவட்டம் எல்லாம் எழுதுவார். தெருவை மட்டும் விட்டுவிடுவார். என்னைக் காலேஜில் சேர்க்கும்போதும் விட்டார். கூரியர் பொட்டலத்தில் அனுப்புநர் விலாசம் அச்சடிக்கும்போதும், "தெரு எதுக்கு? ஊரு போட்டாப் போதும், எல்லாருக்கும் தெரியும்" என்றார். நாங்களும் போடவில்லை. எங்களைப் பாதுகாப்பதாக நினைத்துத்தான் அவர் அப்படிச் செய்துகொண்டிருந்தார். அவர் பார்த்த காலம் அப்படி.

ஆனால் இப்போது அந்த மனிதர் கேட்டது, நாங்களே விட்டுவைத்த அந்த இடைவெளியைத்தான். தெருவை நாங்களாகவே அழித்திருந்தோம். இன்னும் கொஞ்சம் அழிக்கச் சொல்கிறார், அவ்வளவுதான். இதை அண்ணியிடம் சொன்னபோது, "அப்ப அதப் போடு" என்றார்.

"எத?"

"தெருப் பேர. பொட்டலத்துலயும் போடு. கோடாவும் போடு. பொங்கல் தள்ளுபடி எல்லாருக்கும் குடுப்போம். ஆனா வேணுங்கறவங்க கீழத்தெருன்னு எழுதிட்டு வாங்கட்டும்."

பத்து வருஷத்துக்குக் கிட்ட கோடு போட்டிருக்கிறேன். இப்படி ஒன்று எனக்குத் தோன்றியதே இல்லை.

செயலாளரைக் கூப்பிட்டேன். "உங்க சங்கத்துப் பேர்ல கோடு போட முடியாதுங்க. படத்தையும் எடுக்க முடியாது. பொங்கலுக்கு எல்லாருக்கும் பொதுவா ஒரு கோடு இருக்கு. உங்க உறுப்பினர்களும் அதப் போட்டு வாங்கிக்கலாம்."

"என்ன கோடு?"

"கீழத்தெரு."

"நான் நல்லதுக்குத்தாம்மா சொன்னேன்" என்றார். "வியாபாரத்துல இவ்வளவு ரோஷம் ஆகாது."

"ஆகாதுன்னா எங்களோட போகட்டுங்க" என்று வைத்துவிட்டேன். கோபம்தான் வந்தது. கூடவே கொஞ்சம் பயமும் இருந்தது. அவ்வளவு நெல்லும் வீட்டுக் கூடத்தில் அடுக்கியிருந்ததே.

கோட்டை எழுத்துக்கூட்டி அடித்தேன். அந்தக் கட்டத்தில் தமிழ் எழுத்து ஏறவில்லை, இங்கிலீஷில்தான் போடவேண்டியிருந்தது. வாங்குகிறவர்கள் ஒரே மாதிரி எழுதமாட்டார்கள் என்று எத்தனை விதமாக எழுதலாமோ அத்தனைக்கும் தனித்தனிக் கோடு போட்டேன். எப்படி எழுதினாலும் எங்கள் தெரு செல்லவேண்டும். யாருக்கு என்ற இடத்தில் 'எல்லோருக்கும்'. குறைந்தபட்சத் தொகை வேண்டாம். ஒருவர் எத்தனை தடவை என்ற இடத்திலும் வரம்பு வேண்டாம்.

பலன் உடனே தெரிந்தது, கெட்ட பலன்தான். சங்கத்து ஆர்டர் வரவில்லை. எங்களிடம் அரிசியே வாங்காத சிலர் கடைப் பக்கத்தில் அரிசியில் வண்டு, கல் என்று எழுதினார்கள். அடுத்தது மில். நாங்கள் வழக்கமாக நெல் அரைக்கிற ரைஸ் மில் எங்கள் ஊர் மேலத்தெருக்காரருடையது. அண்ணி போன் செய்தபோது, "பெல்ட்டு போயிடுச்சும்மா, ரிப்பேர்ல கெடக்கு" என்றார். அவர் பேசும்போதே பின்னால் மெஷின் ஓடுகிற சத்தம் நன்றாகக் கேட்டது.

"ஓடாத மெஷினு இவ்வளவு சத்தம் போடுதே, சரியாப் பாருங்கண்ணே" என்று சொல்லிவிட்டு அண்ணி போனை வைத்தார்.

"சொன்னேன்ல?" என்றார் அப்பா. ஆனால் மறுநாள் லோடு வண்டியில் நெல் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு மன்னார்குடிப் பக்கம் வேறு மில் தேடிப் போனபோது முன் சீட்டில் உட்கார்ந்தது அவர்தான். அண்ணியும் கூடப் போயிருந்தார். அந்த மில்லில் ரசீது எழுதுகிறவர் ஊர் பெயர் கேட்டாராம், அப்பா சொன்னாராம். எழுதி முடிக்கப் போனவரிடம், "தெருவையும் போட்டுக்கங்க. கீழத்தெரு" என்றாராம். அவரும் தலை நிமிராமல் எழுதிக் கிழித்துக் கொடுத்தாராம். வீட்டுக்கு வந்ததும் அப்பா இதைச் சொல்லவில்லை. வண்டி வாடகை அநியாயம் என்றுதான் புலம்பினார். அண்ணி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

பொங்கலுக்கு நான்கைந்து நாள் இருக்கும்போது மயிலாப்பூரிலிருந்து ஒரு வயதான அம்மாள் கூப்பிட்டார். ஏற்கெனவே எங்களிடம் வாங்கியவர்.

"ஏம்மா, அந்தக் கோடு போடாம பொங்கல் தள்ளுபடி கெடைக்காதா?"

"கிடைக்காதுங்கம்மா."

"நீயே அங்கருந்து கொறச்சுடேன். உன்னால முடியாதா?"

"முடியும்ங்கம்மா. ஆனா செய்யமாட்டேன். நீங்கதான் அடிக்கணும்."

"சரி, எழுத்தச் சொல்லு, எனக்குக் கண்ணு சரியாத் தெரியாது" என்றார். நான் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாக அடித்தார். கே, இ, இன்னொரு இ, எல் என்று அந்தப் பக்கத்திலிருந்து திரும்பச் சொல்லிக்கொண்டே வந்தார். ஒரு எழுத்தை விட்டுவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தார். கடைசியில், "ஆ, கொறஞ்சுடுத்து!" என்று குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டார். "இதுக்கா என் பிள்ளை அந்தக் கடையே வேண்டாம்னான்? கையில என்ன ஒட்டிண்டுடுத்தா?"

அந்தப் பிள்ளை எந்தச் சங்கத்தில் இருந்தார் என்று நான் கேட்கவில்லை.

இதற்கிடையில் அண்ணன் தன்னோடு தங்கியிருந்தவர்களிடம் கோட்டைப் பற்றிச் சொல்லியிருக்கிறான். ஒரே அறையில் அடுக்குக் கட்டிலில் படுக்கிறவர்கள். வெவ்வேறு ஊர், வெவ்வேறு தெரு. அவர்கள் தங்கள் வீடுகளுக்கு அரிசி போட ஆரம்பித்தார்கள். பட்டுக்கோட்டை, அறந்தாங்கி, பெரம்பலூர் என்று விலாசங்கள் வந்தன. நெல் விளைகிற ஊருக்கே அரிசி அனுப்பினோம். அதில் ஒருவர் வாட்ஸப்பில் குரல் பதிவு அனுப்பியிருந்தார்: "அக்கா, எங்க ஊர்ல எங்க தெருவுக்குப் பேரு காலனி. உங்க தெருவுக்குப் போட்ட மாதிரி எங்களுக்கும் ஒண்ணு போடுவீங்களா? எங்கம்மா பேர்ல ஆர்டர் போடணும்."

போட்டேன். அப்புறம் இன்னொருவர் கேட்டார், அவருக்கும் போட்டேன். தெற்குத்தெரு, குளத்துமேடு, புதுத்தெரு என்று என் கூப்பன் பக்கம் நிறைந்தது. எல்லாம் ஒரே தள்ளுபடிதான், பேர்தான் வேறு. தொழில் தெரிந்தவர்கள் பார்த்தால், ஒரே வேலைக்கு எதற்கு இத்தனை கோடு என்று கேட்பார்கள். அழிக்கச் சொல்வார்கள். நான் ஒன்றைக்கூட அழிக்கவில்லை.

அரிசி எல்லாம் விற்றுத் தீர்ந்து நாங்கள் வெற்றி பெற்றோம் என்று எழுத ஆசைதான். அப்படி நடக்கவில்லை. பொங்கல் தாண்டியும் கூடத்தில் மூட்டைகள் இருந்தன. சித்திரை வரை கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. அரைக்காமல் நின்ற நெல்லை அண்ணி அவலாக இடிக்கக் கொடுத்து விற்றார். அந்த வருஷம் கையைக் கடித்தது. அடுத்த குறுவைக்கு விதைநெல் எடுத்துவைக்கும்போது, "மறுபடியும் அதே கோடா?" என்று அப்பா கேட்டார். "அதேதான் மாமா" என்றார் அண்ணி. அப்பா சாக்கின் வாயைக் கட்டினார்.

அந்தப் பருவத்தில்தான் எங்கள் ஊர் மேலத்தெருப் பையன் ஒருவன் சிங்கப்பூரிலிருந்து செய்தி அனுப்பினான். பள்ளிக்கூடத்தில் எனக்கு ரெண்டு வகுப்பு பின்னால் படித்தவன். ஊரில் அப்பா அம்மா தனியாக இருக்கிறார்கள், மாதாமாதம் அரிசி வேண்டும் என்றான். தெருத்தெருவாகக் கோடு போடுகிறீர்களாமே, எங்கள் தெருவுக்கும் ஒன்று போடலாமே என்று ஒரு சிரிப்புப் பொம்மையும் சேர்த்திருந்தான்.

"உங்க தெருப் பேரச் சொல்ல உங்களுக்கு எந்த ஊர்லயும் கஷ்டம் இருந்ததில்லையே தம்பி" என்று எழுதினேன். "கீழத்தெருன்னே அடிச்சு வாங்கிக்கங்க. அரிசி ஒண்ணுதான்."

பதில் வரவில்லை. மறுநாள் ஆர்டர் மட்டும் வந்தது. கோடு கட்டம் காலியாக இருந்தது. முழு விலை.

அண்ணியிடம் காட்டினேன். திரையைக் குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"பணம் கட்டிட்டாருல்ல? நல்ல அரிசியாப் பாத்துப் போடு. பொட்டலத்துல நம்ம விலாசம் பளிச்சுனு தெரியணும்."

பொட்டலம் போட்டோம். நானே எடுத்துக்கொண்டு போய் மேலத்தெருவில் அந்த வீட்டு வாசலில் கொடுத்துவிட்டு வந்தேன்.